பெரிய கோயிலும் ஒரு நீண்ட படமும்

ராஜராஜ சோழன் 1010-ஆம் ஆண்டில் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் பலரும் அண்ணாந்து விமானத்தைப் பார்ப்பர். அதன் அடித்தளத்தில் ஓடும் எழுத்துக்களைக் குனிந்து பார்ப்போர் சிலரே. 1858-ஆம் ஆண்டில் அவ்வாறு பார்த்த ஓர் ஆங்கிலேயரைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

லின்னேயஸ் டிரைப் என்பார் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் ஓர் அதிகாரி. நிழற்படக் கலை அவருக்குத் தொழிலன்று. விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்தபோது பற்றிக்கொண்ட ஆசை. அந்த ஆசையினாலேயே 1854-ஆம் ஆண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் பிடித்தார். அவை மறு ஆண்டு சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்றன. 1856-இல் அரசாங்கம் அவரையே சென்னை மாகாணத்தின் நிழற்படக்காரராக அமர்த்தியது. பொழுதுபோக்கு உத்தியோகமாயிற்று, ஆயினும் செய்து பார்க்கும் குறும்பு அவரை விட்டு அகலவில்லை.

அக்காலத்தில் அவர் பெரும்பாலும் கையாண்டது மெழுகேற்றிய தாள். நம் நாட்டு வெப்பத்தில் அதை முன்கூட்டியே பதம் செய்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒளி பதியப் பல நிமிடங்கள் வேண்டும். நடமாடும் மனிதர் படத்தில் விழமாட்டார். வெள்ளி உப்புக்கு நீல நிறத்தின் மீது அளவு கடந்த பற்று. ஆதலால் வானம் வெறும் வெளுப்பாகிவிடும். டிரைப் என்ன செய்தார்? எதிர்ப்படத்தின் மீது தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்துவிட்டார்! தஞ்சை வானத்தில் அன்று இல்லாத முகில்கள் இன்றும் அப்படங்களில் மிதக்கின்றன. இதைப் பொய் என்பாரும் உளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோலம் போடுபவள் ஓர் இழை கூட்டினால் வாசல் பொய்யாகிவிடுமா?

கல்வெட்டை நெருங்கியபோதோ அவர் ஒன்றும் கூட்டவில்லை. முழுவதையும் ஒரே படத்தில் அடக்க இயலாது. எனவே கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டினார். ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரு சுருள் உருவாயிற்று. படம் என்றால் ஒரு சட்டத்துள் அடங்குவது என்றிருந்த காலத்தில், அதை ஏட்டுச் சுவடி போல் நீளவிட்டது பெரிய துணிச்சல். தளத்தோடு நடந்துகொண்டே படிப்பது போன்ற உணர்ச்சி அதில் உண்டு.

அவ்வாண்டே தஞ்சையும் திருவையாறும் அடங்கிய அவருடைய படத்தொகுதி வெளிவந்தது. ஆங்கிலத் தலைப்பில் 'டிரிவாடி' என்றிருப்பது காவிரிக் கரையிலுள்ள நம் திருவையாறேதான். ஊர்ப் பெயர்களை அவர்கள் படுத்திய பாடு அப்படி!

1859-இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் சிக்கனக்காரர். நிழற்படத்தை வீண் ஆடம்பரம் என்று கருதி அத்துறையை மூடுவித்தார். டிரைப் மீண்டும் படை வேலைக்குத் திரும்பினார். பிறகு அவர் எடுத்த படங்கள் மிகச் சில.

எந்த நிலம் எவ்வளவு நெல் அளக்க வேண்டும், எந்த நடனமாதுக்கு எந்தத் தெருவில் வீடு என்பன போன்ற செய்திகள் அக்கோயில் எழுத்துக்களில்தான் இருந்தன. ஹுல்ச் அவற்றைப் படித்து அச்சிடத் தொடங்கியது 1891-இல். இங்கிலாந்தில் டிரைப் அப்போது உயிருடன்தான் இருந்தார், 1902-இல் காலமானார்.