ஏ 40 காரும் ஆறரை அங்குலமும்



போன வெள்ளிக்கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டிருந்தீர்கள்: "மாஸ்ரர், அந்தச் சின்னக் காரை எங்கே வாங்கினீங்கள்?" வாங்கவில்லை, செய்தேன். எட்டு மாதம் எடுத்தது.

இன்னும் இரண்டு கேள்விகள் வந்தன. ஒரு தங்கச்சி, "பின்பக்கம் ஏன் கரி பிடிச்ச மாதிரி இருக்கு? துடைச்சுவிட்டுப் படம் எடுத்திருக்கலாமே" என்று எழுதியிருந்தா. என்னிடம் படித்த பழைய மாணவன் ஒருவன், "சேர், இலக்கத் தகட்டில எழுத்து மட்டும் இருக்கு, இலக்கத்தைக் காணேல்லை" என்று கண்டுபிடித்திருந்தான். இரண்டும் நல்ல கேள்விகள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாதவை. அதற்காகத்தான் இந்த நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

"முப்பது வயசு தாண்டின ஆளுக்கு இது என்ன விளையாட்டு?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு செய்தி. சிறிய வண்டி செய்து மகிழ்வது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கமல்ல. குறுந்தொகையின் 61ஆவது பாடல் தும்பிசேர் கீரன் பாடியது. தச்சன் செய்து கொடுத்த சின்னக் குதிரை வண்டி அதில் உவமையாக வருகிறது. பிள்ளைகள் அதில் ஏறிப் போக முடியாது. ஆனாலும் கையால் இழுத்துக்கொண்டு போவதிலேயே அவர்களுக்குச் சந்தோசம். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவமும் சிறுதேர்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது நமது முஸ்லிம் புலவர்களும் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். ஆகவே சின்ன வண்டி நம் எல்லோருக்கும் பொதுச் சொத்து.

ஏறிப் போக முடியாத வண்டி. இந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று நாம் காணும் மாதிரிக் கார்களின் கதை இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தொடங்குகிறது. மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டுபிடித்த பிராங்க் ஹோர்ன்பியின் நிறுவனம் 1934இல் 'டிங்கி' என்ற பெயரில் உலோகக் கார்களை விற்கத் தொடங்கியது. அவை முதலில் விளையாட்டு ரயிலுக்குத் துணையாக வந்தவை. ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் நிற்க ரயிலின் அளவுக்கே கார் வேண்டும். அந்த ரயிலில் நிஜத்தின் ஓர் அடி 7 மில்லிமீற்றராகச் சுருங்கியது. அந்தக் கணக்கில் வருவதுதான் 43இல் 1 என்ற அளவு. உலகம் முழுவதும் சேகரிப்பவர்கள் இன்றும் அதைப் பின்பற்றுகிறார்கள். பெட்டி வாங்கித் தாமே ஒட்டிச் செய்பவர்கள் பெரும்பாலும் 24இல் 1, 25இல் 1 என்ற அளவுகளை விரும்புகிறார்கள். நான் செய்ததும் 24இல் 1.

அந்த டிங்கி கார்களில் ஒன்று ஒஸ்ரின் ஏ 40 டெவன். ஆம், எங்கள் யாழ்ப்பாணத்து ஏ 40!

நிஜமான ஏ 40 டெவன் பேர்மிங்ஹாமில் உள்ள லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1947 முதல் 1952 வரை செய்யப்பட்டது. இயந்திரம் 1,200 சீசீ. அதன் வலு ஏறக்குறைய 40 குதிரைவலு. பெயரிலுள்ள 40 அதுதான். அதன் பின் வந்த சோமசெற் 1954 வரை ஓடியது. போரில் கடன்பட்டுப்போன இங்கிலாந்து, கார்களை வெளிநாடுகளுக்கு ஏற்றிப் பணம் தேடிய காலம் அது. அப்படி ஏற்றப்பட்ட கார்கள்தான் கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்தன.

இந்தக் காருக்கு ஒரு 'தம்பி'யும் உண்டு. ஒஸ்ரின் நிறுவனம் 1949இல் ஜே 40 என்ற பெயரில் பிள்ளைகள் மிதித்து ஓட்டும் காரைச் செய்தது. பொனற் திறக்கும், விளக்கு எரியும், ஹோர்ன் அடிக்கும். அதைச் செய்தவர்கள் தெற்கு வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தூசியால் நுரையீரல் பழுதாகி, சுரங்க வேலைக்குத் திரும்ப முடியாமற் போன தொழிலாளர்கள். பெரிய காருக்கு வெட்டிய தகட்டில் மிஞ்சிய துண்டுகளை அவர்கள் பயன்படுத்தினார்கள். 1971 வரை கிட்டத்தட்ட 32,000 கார்கள் அவர்கள் கையால் உருவாகின. காயப்பட்ட மனிதர்கள் மிஞ்சிய தகரத்தில் சின்னக் கார் செய்த அந்தக் கதையை வாசித்த அன்றுதான், நானும் ஒன்று செய்யவேண்டும் என்ற எண்ணம் வந்தது.

இனி நமது ஊருக்கு வருவோம்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, இருந்த காரைத்தான் திருத்தித் திருத்தி ஓடவேண்டும். இப்படித்தான் ஏ 40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் எல்லாம் யாழ்ப்பாணத்து மெக்கானிக்மாருக்குச் சொந்தப் பிள்ளைகள் போல ஆயின. கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹயருக்குப் போனவை அவைதான். என் பெரியவாப்பாவிடமும் ஒன்று இருந்தது.

பிறகு 1990 வந்தது. போருடன் பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எதுவும் சாதாரணமாகக் கிடைக்காது. அந்த நாட்களைக் கண்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரம் அதில் ஸ்ராட் ஆகாது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு, முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றி, இயந்திரம் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய இங்கிலீஸ் கார்களின் இயந்திரங்களில் அமுக்க விகிதம் குறைவு. அதனால் அவை மண்ணெண்ணெயையும் சமாளித்தன. பின்னால் போகிறவருக்குக் கண் எரியும், கரும்புகை வரும். ஆனால் கார் ஓடும்.

அந்தக் காலப் பிள்ளைகள் என்ன காரை வைத்து விளையாடினார்கள்? நுங்குக் கோம்பை இரண்டைத் தடியில் கோத்தால் வண்டில். பால்மா ரின்னை வெட்டினால் லொறி. பழைய செருப்பை வட்டமாக வெட்டினால் சில்லு. கடையில் வாங்கிய மாதிரிக் கார் எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? ஆனால் தச்சன் இல்லாமலே சிறுதேர் செய்த தலைமுறை அது. என் கார்க் கூட்டையும் நான் பால்மா ரின்னில்தான் வெட்டினேன். ரயர் செருப்பு றப்பர். கதவுக் கைபிடி சைக்கிள் பிரேக் கம்பியில் ஓர் இழை.

இந்த வேலையில் கூடு செய்வது பாதி. மற்றப் பாதி நுணுக்கம். நிஜக் கார் 12 அடி 9 அங்குலம். அதை 24ஆல் பிரித்தால் ஆறரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 16 அங்குல றிம் 17 மில்லிமீற்றர் ஆகிவிடும். பெயின்ற் ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு தடிப்பாகப் படிந்தாலே, நிஜக் காரில் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் அப்பியது போலத் தெரியும். கதவு இடுக்கு மூடிவிடும். ஆகவே மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசி, காயவிட்டு, நீர் உரைதாளால் தேய்க்கவேண்டும். கதவுத் தூணில் மடங்கி நிற்கும் சைகைக் கையையும், பொனற் நுனியில் பறக்கும் 'ஏ' எழுத்தையும் ஊசிமுனையில் செய்தேன்.

இதெல்லாம் பொறுமை இருந்தால் செய்யலாம். பொறுமையால் முடியாதது ஒன்று இருந்தது: காரின் நிறம்.

நான் பிறந்தது 1991இல், புத்தளத்தில். அந்தக் காரைக் கண்ணால் கண்டதில்லை. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லப்பட்டார்கள். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் மொத்தம் 70,000க்கும் மேல். பெரியவாப்பாவின் கார் சோனகத்தெரு வீட்டு வாசலில் நின்றது. அவர்கள் நடந்து வந்தார்கள். கொழும்பிலிருந்த ஓர் உறவினரின் அல்பத்தில் தப்பிய ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படம்தான் என்னிடம் இருக்கிறது. வாப்பா "இளம்பச்சை" என்கிறார். மாமி "சாம்பல்" என்கிறா. பெரியவாப்பா இன்று இல்லை.

வகுப்பில் சரித்திரம் படிப்பிக்கும்போது, இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் மூன்றாவது சாட்சியைத் தேடு என்று சொல்வேன். ஆகவே குளப்பிட்டிச் சந்திப் பக்கம் முன்பு கராஜ் வைத்திருந்த ஒரு முதியவரிடம் போனேன். எண்பது வயதை நெருங்குகிறார். படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இளம்பச்சையில ஒண்டு 91இலயோ 92இலயோ எங்கட கராஜுக்கு வந்தது. முன் மட்காட்டில ஒரு ஒட்டு இருந்தது. மண்ணெண்ணெயில ஓடிப் பின்பக்கம் முழுக்கக் கரி." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "ஆற்ற கார் எண்டு நாங்கள் கேக்கேல்லை, மாஸ்ரர். அப்ப ஒருத்தரும் கேக்கிறேல்லை."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். தனது சொந்த மொறிஸைப் பற்றிச் சொன்னார். வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த இரவு, மழை, நாவற்குழிப் பாலத்தில் அசையக்கூட இடமில்லாத சனம். தாயைப் பின்சீற்றில் படுக்கவைத்து, மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். "அது நடந்தது 95ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30" என்றார்.

"எங்களுக்கும் அதே திகதிதான் ஐயா. ஐந்து வருசம் முந்தி" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. எனக்கோ அவருக்கோ இந்த ஒற்றுமை தெரியாத விடயமல்ல. ஆனால் ஒரே வாங்கில் இருந்து இருவரும் அதைச் சொன்னது அன்றுதான்.

வீட்டுக்கு வந்து வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். மட்காட்டில் ஒட்டு இருந்ததாக அவருக்கு நினைவில்லை. ஆகவே அந்தக் கராஜுக்கு வந்தது எங்கள் கார்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஒட்டை மாதிரியில் போடவுமில்லை. ஆனால் இங்கு எஞ்சி நின்று ஓடிய கார் எதுவானாலும் மண்ணெண்ணெயில்தான் ஓடியிருக்கும், கரி பிடித்திருக்கும். அதனால் கரியைப் பூசினேன். எங்களிடம் இருந்தவரை மட்டும் அந்தக் காருக்குச் சரித்திரம் உண்டு, பிறகு இல்லை என்று நினைப்பது சரியல்ல என்று எனக்குப் பட்டது. தங்கச்சி, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

இலக்கத் தகட்டின் கதை இது. 1957இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வாகன இலக்கத்துக்கு வந்தது. அதை எதிர்த்து இங்கே தமிழ் 'ஸ்ரீ' எழுதி வாகனம் ஓட்டினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 கலவரத்துக்கு முந்திய கதை. ஏ 40 அதற்கு முன்பே வந்த கார் என்பதால் ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகள்தான் அதில் இருந்தன. எங்கள் காரில் ஈ.என். என்று வாப்பாவும் மாமியும் ஒரே குரலில் சொல்கிறார்கள். இலக்கம் இருவருக்கும் நினைவில்லை, படத்திலும் தெரியவில்லை. தெரியாத இலக்கத்தை நானாக எழுதினால் அது பொய். அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

போன மாதம் புத்தளத்துக்குக் கொண்டுபோய் வாப்பாவின் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில், "இதென்ன மகன் ஊத்தை? நானா ஒவ்வொரு வெள்ளியும் கழுவுவார்" என்று கோபப்பட்டார். கராஜ் ஐயா சொன்னதைச் சொன்னேன். பின்பக்கக் கரியை விரலால் தடவினார். இத்தனை வருசமும் அந்தக் கார் வாசலிலேயே நின்று துருப்பிடித்திருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தாராம்.

"அப்ப, ஓடித்தான் இருக்கு" என்றார்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. பழைய கார்கள் ஒவ்வொன்றாக விலைப்பட்டும், இரும்புக்கு உடைபட்டும் போகின்றன. உங்கள் வீட்டில் ஏ 40, மொறிஸ், கேம்பிரிட்ஜ் எது நின்றாலும், கொட்டிலுக்குள் கோழி அடைபடும் நிலையில் நின்றாலும் சொல்லுங்கள். அளவுநாடாவோடும் கமராவோடும் வருகிறேன். பழைய படம் இருந்தால் ஒரு பிரதி தாருங்கள். அந்தக் காரில் யார் யார் ஏறினார்கள், எங்கே போனார்கள் என்று தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களோடு கதைக்க விடுங்கள். சனிக்கிழமைகளில் என்னுடன் சேர்ந்து செய்ய ஆறேழு பிள்ளைகள் வருகிறார்கள். அடுத்ததாகக் கராஜ் ஐயாவின் மொறிஸைச் செய்யப்போகிறோம். அதன் இலக்கம் அவருக்கு இன்றும் மனப்பாடம்.

பால்மா ரின் இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். எங்களுக்கு வேண்டும்.