காளத்திக் கோபுரமும் அளவுக் கலையும்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் பெருஞ்சாலையைத் தடாவில் விட்டு மேற்கே திரும்பி, வரதய்யபாளையத்தைக் கடந்து திருக்காளத்திக்குப் போகும் மார்க்கம், இன்று ஸ்ரீசிட்டி தொழில்நகரத்தையும் உப்பலமடுகு அருவி விழும் மலைக்காட்டையும் அண்டியதாக இருப்பினும், அதில் செல்பவர்களில் பலர் இன்னமும் காளத்திநாதரைத் தரிசிக்கப் புறப்பட்டவர்களே. இப்பிரதேசத்தின் ஆட்சியெல்லைகள் பன்முறை மாறியிருக்கின்றன. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு ஜில்லாவின் கிராமங்கள் சில ஆந்திரத்துக்குப் போயின. 2022-இல் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டம் தோன்றியது. எல்லை எங்கே விழுந்தாலும், தேவாரம் பாடிய மூவரும் பாடிய ஸ்தலமாகவும், கிருஷ்ணதேவராயரின் சபையை அலங்கரித்த தூர்ஜடி தெலுங்கில் சதகம் பாடிய ஸ்தலமாகவும் விளங்கும் காளத்தி, இருமொழியினருக்கும் பொதுச் சொத்தாகவே இருந்து வந்திருக்கிறது.

அந்தக் காளத்தியில், கோயிலின் பிரதான கட்டடத்தினின்று சற்று விலகி, வீதியை நோக்கித் தனித்து நின்றது ராஜகோபுரம். நூற்றுக்கால் மண்டபத்தையும் அக்கோபுரத்தையும் 1516-ஆம் ஆண்டில் கிருஷ்ணதேவராயர் கட்டுவித்தார் என்பதை அம்மண்டபத்துச் சாசனமே தெரிவிக்கின்றது. ஏறத்தாழ ஐந்நூறு வருஷங்கள் மழையையும் வெயிலையும் தாங்கிய அந்தக் கட்டடம் 2010-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் தேதி இரவு சரிந்து, கல்லும் செங்கல்லும் சுதையும் கலந்த ஒரு குவியலாயிற்று. வெடிப்புகள் முன்னதாகவே கண்ணுக்குப் புலப்பட்டு, சுற்றிலும் இருந்தவர்களை அப்புறப்படுத்தியிருந்தமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. அதே இடத்தில் புதிய கோபுரம் எழுப்பப்பட்டு 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கும்பாபிஷேகமும் நடந்தது.

ஆகம நோக்கில் இதில் குறை கூறுவதற்கு இடமில்லை. பழுதுற்றதை அகற்றிப் புதியதைப் பிரதிஷ்டை செய்வது ஜீர்ணோத்தாரணத்தின் அங்கமே. கோயில் என்பது காட்சிப் பொருளன்று, வழிபாட்டுக்குரிய இடம் என்பதை நம் ஸ்தபதிகள் எக்காலத்தும் மறந்ததில்லை. ஆயினும் சரித்திரம் கற்பவனுக்கு ஒரு கவலை மிஞ்சுகிறது. சாசனம் அரசனின் பெயரையும் ஆண்டையும் சொல்கிறது. நிலைகள் ஒவ்வொன்றும் எவ்வளவு உள்வாங்கி எழுந்தன, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், சுவர் எத்தனை கனம், ஐந்நூறு ஆண்டுகளில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்பவற்றைச் சொல்வதில்லை. அவற்றை யாரேனும் அளந்து எழுதி வைத்தாலன்றி, கட்டடம் விழும்போது அந்த அறிவும் உடன் விழுந்துவிடும். அக்காரணத்தால் இக்காலத்துக் கணினி அளவையைப் பற்றிப் பேசுவோர், அது ஏதோ நேற்று முளைத்த விநோதம் என்று கருதாமல், அதற்கு முன் நிகழ்ந்த அளவைகளின் சரித்திரத்தையும் அறிந்திருப்பது நல்லது.

ஆந்திர தேசத்து அமராவதியே இதற்குச் சிறந்த சாட்சி. கிருஷ்ணா நதிக்கரையிலிருந்த அந்த மகாஸ்தூபியை, உள்ளூர் ஜமீன்தார் தம் புதுநகருக்குக் கட்டடப் பொருள் வேண்டித் தோண்டிய சமயத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நில அளவையாளர் காலின் மெக்கன்சி முதன்முறையாகக் கண்டார். 1816-இல் அவர் தம் சித்திரக்காரர்களுடன் திரும்பி வந்தபோது பல சிற்பப் பலகைகள் மறைந்துவிட்டன. எஞ்சியவற்றை அவர்கள் அளந்து, நுணுக்கமாக வரைந்து வைத்தனர். அப்படி வரையப்பட்ட கற்களிலும் பின்னர் அழிந்தவை உண்டு. இன்று அவற்றுக்கு அந்தச் சித்திரங்களைத் தவிர வேறு ஆதாரமில்லை. மெக்கன்சியின் பெயரே புகழ்பெற்றது. ஆயினும் சாசனங்களையும் சுவடிகளையும் தேடித் திரட்டும் பணியில் அவருக்குக் கண்ணாகவும் காதாகவும் இருந்தவர்கள் காவலி சகோதரர்கள் போன்ற நம் நாட்டுப் பண்டிதர்கள் என்பதை இங்கே குறிப்பிடாமல் செல்வது நியாயமாகாது.

வரைகோலுக்குப் பின் வந்தது புகைப்படம். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லினேயஸ் டிரைப், 1858-இல் மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய இடங்களுக்குப் பெரிய காமிராவுடன் சென்றார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அதிஷ்டானத்தில் ஓடும் கல்வெட்டை அவர் துண்டு துண்டாகப் படம் பிடித்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேற்பட்ட ஒரே சுருளாக ஆக்கினார். இக்காலத்துக் கணினி பல படங்களைப் பொருத்தி ஒரு சுவரை மீட்டுருவாக்குவதற்கும் டிரைப் பசையும் கத்தரியும் கொண்டு செய்ததற்கும் கொள்கையளவில் அதிக தூரமில்லை. அவ்வளவு அரிய பணியை, புதிதாக வந்த கவர்னர் டிரெவெல்யன் வீண் ஆடம்பரமென்று எண்ணி நிறுத்திவிட்டார். கலைச் செலவுகளைக் கத்தரிக்கும் கணக்கர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு போலும்!

இவற்றோடு கல்வெட்டியலாரின் மைப்படியையும் சேர்க்க வேண்டும். நனைத்த காகிதத்தைக் கல்லின்மேல் பரப்பி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளில் இறக்கி, மேலே மை ஒற்றி எடுக்கும் அந்த எளிய முறையினாற்றான் தென்னாட்டுச் சரித்திரத்தின் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது. திருமலை, திருப்பதிச் சாசனங்களை (அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ்) சாது சுப்பிரமணிய சாஸ்திரியாரும் பிறரும் இவ்வாறே தொகுக்க, தேவஸ்தானம் 1930-களில் தொகுதிகளாக வெளியிட்டது. பிற்காலத் திருப்பணிகளில் சுவர்மீது மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் கெட்ட வழக்கம் புகுந்து பல கோயில்களில் எழுத்துக்களை மழுக்கிவிட்டதால், அங்கெல்லாம் பழைய மைப்படியே மூலத்தின் ஸ்தானத்தை அடைந்துவிட்டது.

இனி, புதிய கருவிக்கு வருவோம். லேசர் அளவி ஒளிக்கதிரைச் சுவரின்மீது செலுத்தி, அது திரும்பிவரும் விதத்திலிருந்து தூரத்தைக் கணித்து, ஒவ்வொரு தொடுதலையும் ஒரு புள்ளியாகப் பதிகிறது. கோடிக்கணக்கான அத்தகைய புள்ளிகள் சேர்ந்தால், மில்லிமீட்டர் கணக்கில் கட்டடத்தின் வடிவம் திரண்டு நிற்கும். சாய்வு, புடைப்பு, வெடிப்பு எல்லாம் அதில் அகப்படும். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்தால் எது எவ்வளவு நகர்ந்தது என்பதும் தெரிந்துவிடும். கோபுரங்களைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது பயனே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாரிஸ் நகரத்து நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றறிஞர் இவ்வாறு அளந்து வைத்திருந்தார். 2018-இன் இறுதியில் அவர் காலமானார். சில மாதங்களில், 2019 ஏப்ரல் 15 அன்று, தேவாலயம் தீப்பற்றியது. அவர் விட்டுச்சென்ற அளவைகள் திருப்பணி செய்தோருக்குத் துணைநின்றன. 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. நம் நாட்டிலும் மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறை, காளத்திக் கோபுரத்தைக் கட்டிய அதே மன்னரின் தலைநகராகிய ஹம்பியைக் கணினியில் பதிவு செய்யும் பெருந்திட்டமொன்றை நடத்தியது. விட்டலர் கோயில் முதலியவற்றின் முப்பரிமாண உருக்கள் அதன் பலன்கள்.

அணுகும் வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏர்ப்பேட்டுக்கு அருகிலுள்ள குடிமல்லத்தில், கிறிஸ்துவுக்கு முற்பட்டதென்று அறிஞர் பலர் கருதும் சிவலிங்கம், தரைமட்டத்துக்குத் தாழ்ந்த கர்ப்பக்கிருகத்தில் இருக்கிறது. குள்ளபூதத்தின் தோள்மேல் வேடன் போல் நிற்கும் அதன் சிவ உருவத்தை, சிற்ப ஆராய்ச்சியாளர் கோபிநாத ராவ் நூறாண்டுகளுக்கு முன் விவரித்து உலகறியச் செய்தார். ஆயினும் நேரில் போகிறவர் விளக்கொளியில் தூரத்திலிருந்தே அதைக் காண்கிறார். முதியோருக்கும் படியேற இயலாதோருக்கும் மாணாக்கர்களுக்கும் நல்லதொரு முப்பரிமாணப் பதிவு பேருபகாரமாகும். அதற்காக மூலவரையெல்லாம் படம் பிடித்துப் பரப்பலாமென்று நான் வாதிக்கமாட்டேன். சந்நிதிக்குள் காமிரா கூடாதென்ற விதி பல தலங்களில் இருக்கிறது. அதை மதித்துக்கொண்டே கோபுரத்தையும் பிராகாரத்தையும் தூணையும் சாசனத்தையும் அளந்துவிட முடியும். கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்கி, சாரம் கட்டிச் சுதையில் கைவைக்குமுன் ஒருமுறை அளப்பது என்று வழக்கமாக்கிவிட்டால் போதும். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை அளவையும் தானே நடந்துவிடும்.

அந்த அளவை எங்கே இருக்கும் என்ற கேள்வியும் சிறியதன்று. மெக்கன்சியின் அமராவதிச் சித்திரங்கள் லண்டனில் இருக்கின்றன. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொணரும்படி 2021-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட வேண்டியதாயிற்று. கணினிப் பதிவு காகிதத்தைக் காட்டிலும் எளிதாகப் பிரதி செய்யக்கூடியது என்பதால், ஒரு பிரதி அவ்வூர்க் கோயிலிலும் பக்கத்துக் கல்லூரியிலும் இருக்கத் தடையொன்றுமில்லை. ஸ்ரீசிட்டியிலேயே 2013 முதல் தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமொன்று நடக்கிறது; காளத்தி அதற்கு எட்டாத தூரமன்று.

விழுந்துவிட்ட கோபுரத்துக்கும் ஓரளவு வழியுண்டு. 2001-இல் தகர்க்கப்பட்ட பாமியான் புத்தரின் பெரிய உருவத்தை, 1970-இல் ராபர்ட் கோஸ்ட்கா என்பவர் அளவைக் காமிராவால் எடுத்திருந்த படங்களைக் கொண்டு, ஜூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் கணினியில் மீண்டும் உருவாக்கினர். காளத்தி ராஜகோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் சென்னையிலும் வரதய்யபாளையத்திலும் நெல்லூரிலும் எத்தனையோ. அந்த ஆல்பங்களைத் திரட்டினால், சாதாரணக் காமிராவின் பிழைகளைத் திருத்திக்கொண்டு வீதிப்பக்கத்து முகப்பையேனும் மீட்கலாம். உள்ளே நிலைக்கு நிலை ஏறிய படிக்கட்டையும் சுவரின் கனத்தையும் யாத்திரிகர் யாரும் படம் பிடித்திருக்க மாட்டார்கள்.