பதின்பருவத்தினரின் சீர்கெட்ட உணவுப் பழக்கம்

காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவது, அந்தப் பசியைப் பாக்கெட் சிப்ஸ், பப்ஸ், குளிர்பானம் கொண்டு அடக்குவது, இரவில் மொத்தமாகச் சேர்த்துச் சாப்பிடுவது ஆகியவை 10 முதல் 19 வயதினரிடம் பரவலாகக் காணப்படும் உணவுச் சீர்கேடுகள். இதை நாக்கின் சபலம் என்றும், இதன் விளைவு உடல் பருமன் என்றும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். இந்தியக் கணக்குகள் அதற்கு ஒத்துவரவில்லை. 2016–18இல் எடுக்கப்பட்ட தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின்படி இவ்வயதினரில் அதிக எடை கொண்டவர்கள் 5 விழுக்காடு. உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்தவர்கள் 24 விழுக்காடு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு 15–19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதைக் கண்டது. வறுமைக்கும் மாதவிடாய் இரத்த இழப்புக்கும் இதில் பங்குண்டு. ஆனால் கீரையும் பருப்பும் முட்டையும் போகவேண்டிய வயிற்றை மைதாவும் எண்ணெயும் அடைத்துக்கொள்வது, இருக்கும் குறையை இன்னும் கூட்டுகிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

ஆகவே, என்ன தின்கிறார்கள் என்பதற்கு முன், எந்த வேளையில் பசியோடு விடப்படுகிறார்கள் என்று கேட்பதே பொருந்தும். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் டியூஷன் என்று ஓடும் பிள்ளைக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்குமென வகுக்கப்பட்டது. உடல் வேகமாக வளரத் தொடங்கும் வயது அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

முறுக்கும் கடலைமிட்டாயும் அந்தக் காலத்திலும் இருந்தனவே என்பார்கள். உண்மைதான், ஆனால் கடலைமிட்டாயில் வெல்லத்தோடு நிலக்கடலையின் புரதமும் கிடைத்தது. 300 மில்லி கோலாவில் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது, வேறு சத்து எதுவுமில்லை. வீட்டில் கண்டித்தால் போதும் என்பது இன்னொரு வாதம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், விடியுமுன் இரண்டு வேளைக்குச் சமைத்து வைக்கவேண்டியவர் பெரும்பாலும் தாய்தான் என்பதை இந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்று 2020இல் விதி வந்ததே என்றும் கேட்கலாம். அந்த எல்லையைத் தாண்டினால் பெட்டிக்கடையில் அதே ஐந்து ரூபாய் பாக்கெட் தொங்குகிறது. மாணவர்களுக்கு வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையும் வெறும் வயிற்றில் குமட்டும் என்பதால் உணவுக்குப் பின்னரே விழுங்கவேண்டியது. பள்ளிச் சத்துணவோ பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது.