தேர்வு மன்றத்திலிருந்து ஆய்வுக்களத்திற்கு: பல்கலைக்கழக ஆய்வுப் பண்பாடு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பல்கலைக்கழகங்களில் ஆய்வின் தரம் குறைந்துவருகிறது என்னும் குரல் கருத்தரங்குகளில் தொடர்ந்து ஒலிக்கிறது. ஆய்வாளரின் உழைப்பின்மையே அதற்குக் காரணமாகப் பெரிதும் சுட்டப்படுகிறது. நிறுவன வரலாற்றை நோக்கின் வேறொரு காரணமும் புலப்படும். நம் பழைய பல்கலைக்கழகங்கள் தேர்வு நடத்தும் அமைப்புகளாகத் தோன்றியவை. ஆய்வையும் தேர்வைப் போலவே அளக்கும் வழக்கம் அவ்வேரிலிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தேர்வு மன்றம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டது. கற்பித்தல் கல்லூரிகளின் பணியாக இருந்தது. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே பல்கலைக்கழகத்தின் பணி. பேராசிரியர்களை அமர்த்தவும் ஆய்வை வளர்க்கவும் 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் இடமளித்தது. அதற்கும் பத்தாண்டுகளுக்குப் பின்னரே, 1914இல், இந்திய வரலாறு மற்றும் தொல்லியல் துறை அங்குத் தோன்றியது, எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் அதன் முதற் பேராசிரியரானார்.

பேரகராதி காட்டிய வழி

இதே காலத்தில் வேறொரு மரபும் உருவாயிற்று. 1913இல் தொடங்கிய தமிழ்ப் பேரகராதிப் பணி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் பின்னிணைப்பாகவும் நிறைவெய்தியது. சாண்ட்லர் தொடங்கிவைத்த பணியை 1926 முதல் ச. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்தார். பலர் கூடி ஒரே தரவை மீண்டும் மீண்டும் சரிபார்க்கும் பணி அது. சொற்பொருளுக்கு இலக்கியச் சான்றும் உடன் அச்சிடப்பட்டதால், கற்றவர் எவரும் அதனைச் சோதிக்க முடிந்தது. தேவநேயப் பாவாணர் அவ்வகராதியைக் கடுமையாக மறுத்தார். அவரை இயக்குநராகக் கொண்டு 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டம் தொடங்கியது. ஓர் ஆய்வின் மறுப்பு மற்றோர் ஆய்வுக்கு வித்தாயிற்று. இருவரில் எவர் பக்கம் நின்றாலும், சான்றை வெளிப்படையாக வைத்தலும் அதனை மறுத்துரைத்தலுமே ஆய்வுப் பண்பாடு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

எண்ணிக்கையின் காலம்

பிந்தைய விதிகள் இம்மரபைப் பின்பற்றவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்கும் முன் ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறை கூறியது. 2010இல் ஆசிரியர்களின் பணி உயர்வும் புள்ளிக் கணக்கோடு பிணைக்கப்பட்டது. 2016இல் இரண்டு கருத்தரங்க உரைகளும் ஆய்வாளருக்குக் கட்டாயமாயின. தேவை பெருகியபோது, கட்டணம் பெற்று எதனையும் வெளியிடும் இதழ்களும் பெருகின. 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை மானியக் குழு தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அதன்பின் கேர் பட்டியல் வந்தது. 2022இன் விதிமுறை கட்டுரை வெளியீட்டுக் கட்டாயத்தைக் கைவிட்டது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலும் நிறுத்தப்பட்டது. இதழ்களின் தரத்தை மதிப்பிடும் பொறுப்பு உயர்கல்வி நிறுவனங்களிடமே விடப்பட்டது.

முடிவுரை

பதினைந்து ஆண்டுகளில் விதிகள் பலமுறை மாறின. ஆனால் ஒரு கட்டுரையை ஊன்றிப் படித்து மதிப்பிடுபவர் யார் என்னும் வினாவுக்கு அவை விடை தரவில்லை, பட்டியல் படிப்பதில்லை. இன்று அப்பொறுப்பு துறைகளிடம் திரும்பியுள்ளது. அயல் தேர்வாளரின் மதிப்பீட்டு அறிக்கையை ஆய்வேட்டோடு சோத்கங்கா தளத்தில் சேர்க்கலாம். ஆய்வாளர் திரட்டிய கல்வெட்டு, சுவடி, களத்தரவுகளைப் பிறர் சோதிக்கும் வகையில் துறை நூலகத்தில் வைக்கலாம். முந்தைய ஆய்வேட்டின் முடிவைச் சான்றுடன் மறுக்கும் கட்டுரையையும் புதிய பங்களிப்பாக ஏற்கலாம். நெறியாளரின் முடிவையும் மாணவர் அச்சமின்றி மறுக்கும் துறைக் கூட்டம் மாதந்தோறும் நடைபெற வேண்டும். இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. துறைகள் இதனைச் செய்யத் தவறின், மற்றொரு பட்டியல் வருவதும் அதற்கேற்ற புதிய சந்தை உருவாவதும் உறுதி.