மலையடிவாரமும் நாற்பது கண்மாயும்

விருதுநகர் மாவட்டம்னு சொன்னாலே நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது வெயில், கந்தக பூமி, சிவகாசி பட்டாசு. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் காய்ஞ்ச காத்துதான் மூலதனம், அதனால அது தப்பும் இல்லை. ஆனா மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போற ரோட்டுல, கிருஷ்ணன்கோவில்ல வலது பக்கம் திரும்பி வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு பக்கம் போய்ப் பாருங்க. தென்னை, மா, நெல்வயல், பின்னாடி சுவர் மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலை. அதே மாவட்டம்தாங்க!

ராஜபாளையம் வரைக்கும் இந்த அடிவாரம் முழுக்க மாந்தோப்புதான். சப்பட்டை, பஞ்சவர்ணம்னு இந்தப் பக்கத்துக்கே உரிய ரகங்கள். சீசன்ல போனா பையோட போங்க :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தப் பச்சைக்கு யார் காரணம்? ஆறுன்னு சட்டுனு சொல்லிடலாம். ஆனா இங்க ஓடுறதெல்லாம் குட்டி ஆறுகள். மழை பெஞ்சா பாயும், நின்னா மணல்தான். பிளவக்கல்லுல பெரியாறு, கோவிலாறுன்னு ரெண்டு அணை இருக்கு. (இது முல்லைப் பெரியாறு இல்லைங்க, பேர்தான் ஒண்ணு.) முல்லைப் பெரியாறும் சிவகிரி மலையிலதான் பிறக்குது, ஆனா மேற்கே ஓடிடுது. 1895ல பென்னிகுக் கட்டின அணை அதைத் திருப்பி வைகைக்குக் கொண்டு வந்துச்சு. அதுல இந்த அடிவாரத்துக்குப் பங்கு கிடையாது.

பிளவக்கல் அணைகள் 1970கள்ல வந்தவை. அதுக்கு முன்னாடி? கண்மாய்தான். இன்னைக்கும் அணைத் தண்ணி சுமார் நாற்பது கண்மாய்கள் வழியாத்தான் வயலுக்குப் போகுது. மேல இருக்கிற கண்மாய் நிறைஞ்சு கலிங்கு தாண்டினா, அடுத்த கண்மாய்க்குப் போகும். நம்ம பாஷையில சொன்னா வரிசையா பஃபர் வெச்ச டிசைன். ஒண்ணு அடைச்சுக்கிட்டா, அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் அவுட்.

அதனாலதான் குடிமராமத்து. வாய்க்கால் வெட்ட, கரை பலப்படுத்த ஊரே இறங்கணும்ங்கிற வழக்கம். அது தளர்ந்து போனப்ப, 1858ல வெள்ளைக்காரன் மெட்ராஸ் மாகாணத்துல கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். ஊர் தானா செஞ்சதைச் சட்டம் போட்டு வாங்க வேண்டிய நிலைமை! 2017ல தமிழக அரசு அதே பேர்ல திட்டம் கொண்டு வந்துச்சு.

இந்தத் தண்ணி கடைசியில அர்ச்சுனா நதி வழியா வைப்பாறுல சேருது. அந்த வைப்பாற்றங்கரையிலதான் வெம்பக்கோட்டை. 2022ல அகழாய்வு ஆரம்பிச்சு, நுண்கற்கருவி, சங்கு வளையல், கண்ணாடி மணின்னு எடுத்தாங்க. நாம இன்னைக்கு வறட்சின்னு சொல்ற ஆத்துக்கரையில அந்தக் காலத்துல தொழிற்கூடமே நடந்திருக்கு.

பம்பா, அச்சன்கோவில் ஆறுகள்ல இருந்து வைப்பாறுக்கு 634 மில்லியன் கன மீட்டர், கிட்டத்தட்ட 22 டிஎம்சி, கொண்டு வரலாம்னு 1995ல ஒரு சாத்தியக்கூறு அறிக்கை வந்துச்சு. கேரளா ஒத்துக்கலை. கேக்கிறது நியாயமா இருக்கலாம், ஆனா அது வர்ற வரைக்கும் இருக்கிற கண்மாய் தூர்ந்துக்கிட்டே போனா?

மாமரத்துக்குக் கண்மாய் நேரடியா பாயாதுதான். தோப்புக் கிணத்துல ஊறுறது கண்மாய்த் தண்ணிங்க. கண்மாய் வத்தினா கிணறு வத்தும், அப்புறம் போர், அதுக்கப்புறம் இன்னும் ஆழமா போர். கடைசியில தோப்பு பிளாட் ஆகும். 1988ல சாம்பல் நிற அணிலுக்குன்னு சரணாலயம் அறிவிச்சாங்க, 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமும் வந்துச்சு. நல்ல விஷயம். அந்த அணில் அடிவாரத் தோப்புக்கும் வந்து போகும். தோப்பு போச்சுன்னா அதுக்கும் இடம் போச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை எல்லாரும் அண்ணாந்து பாக்குறோம். கலிங்கைக் குனிஞ்சு பாக்க ஆளில்லை. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா, பால்கோவா வாங்கின கையோட ஒரு கண்மாய்க் கரையிலயும் ஏறிப் பாருங்க. உங்க ஊர்க் கண்மாய் எப்படி இருக்குன்னும் சொல்லுங்க மக்களே.