கோவிவன், காளி, கொல்லிமலைக் குட்டி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

கொல்லிமலை வளப்பூர் நாட்டில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், மகளுக்காக அடிவாரத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுபோயிருக்கிறார். மூன்று நாளாக ராத்திரி முழுக்கக் கத்துகிறதாம். "கொட்டாய்ல கட்டிப் போடுடா, தானா அடங்கிரும்" என்கிறார் அவருடைய அப்பா. வேண்டாம் என்று அழுகிறாள் மகள். யார் சொல்வது சரி என்று என்னிடம் கேட்டார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்கும் கேள்வியா இது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் இதற்கு வரலாற்றில் நல்ல பதில் இருக்கிறது. உங்களில் பலர் வீட்டிலும் இப்போது நாய் வளர்க்கிறீர்கள் என்பதால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். நாய்க்குட்டிக்குத் தமிழில் 'குருளை' என்று பழைய பெயர் உண்டு. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் இந்தப் பெயரைச் சொல்கிறது. புலிக்கும் நாய்க்கும் குட்டிப் பருவத்தில் ஒரே பெயர். வளர்ந்த பிறகு ஒன்று காட்டுக்குப் போகிறது, மற்றொன்று நம் வாசலுக்கு வருகிறது. அந்த வாசலுக்கு அது எப்போது வந்தது?

ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914 இல் ஒரு பழைய புதைகுழி கிடைத்தது. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதில் ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய். அந்த நாயின் பற்களை அண்மைக் காலத்தில் ஆராய்ந்து 2018 இல் முடிவை வெளியிட்டார்கள். அது சுமார் ஏழு மாதக் குட்டி. ஐந்து மாத வாக்கில் டிஸ்டம்பர் நோய் கண்டு, பல வாரங்கள் படுத்துக் கிடந்திருக்கிறது. அந்த நோயில் யாராவது தண்ணீர் கொடுத்து, துடைத்துவிட்டு, சூடு கொடுத்துப் பார்த்துக்கொண்டால் ஒழியக் குட்டி அத்தனை நாள் தாங்காது. அப்போது நெல்லும் கிடையாது, சாமையும் கிடையாது. மனிதன் விவசாயமே தொடங்கவில்லை. வேட்டைக்கு உதவாத ஒரு நோயாளிக் குட்டியை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல் அது. அந்தக் கல்லில் வீரனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கியதோடு விடவில்லை, அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். கோவிவன் என்பது அதன் பெயர். கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல் சொல்கிறது. அந்தக் காலத்தில் வாழ்ந்து மறைந்த எத்தனையோ மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரிகிறது.

அடுத்தது நாய் வீடு மாறிய கதை. அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தக்கோலத்தில் 949 இல் நடந்த போர் உங்களுக்கு நினைவிருக்கும். பத்தாம் வகுப்பில் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே இறந்த போர். எதிர்ப்பக்கத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், அவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் பூதுகன். பூதுகனின் படையில் மணலேரன் என்ற வீரன் இருந்தான். அவன் வீரத்தை மெச்சிய மன்னன், என்ன பரிசு வேண்டும் என்று கேட்டான். பொன்னோ நிலமோ கேட்டிருக்கலாம். மணலேரன் மன்னனிடம் இருந்த 'காளி' என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு காளி மோதியது. நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று இரண்டுமே மாண்டன. கர்நாடகத்தின் மண்டியா பக்கம் உள்ள ஆதகூரில் அந்த நாய்க்குக் கல் எடுத்து, நிலமும் விட்டு, அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிடக் கூடாது என்று விதியும் எழுதிவைத்தான் மணலேரன். அந்தக் கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரண்மனையில் வளர்ந்த நாய் வேறொரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டு நாயாகவே மாறி உயிரை விட்டிருக்கிறது.

கொல்லிமலைக்கும் ஒரு நாய்க்கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலில் மலையாளி மக்கள் பற்றிய பகுதியில் அவர்களுடைய பூர்வீகக் கதைகள் வருகின்றன. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் நாய்களோடு வேட்டைக்குக் கிளம்பினார்கள். மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் வந்து சேரவில்லை, நாய்கள் மட்டும் வீடு திரும்பின. நாய் தனியே வந்தால் ஆள் இல்லை என்றுதான் பொருள் என்று நினைத்த மனைவிமார் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்த சகோதரர்கள் பிறகு மலைகளில் குடியேறினார்கள் என்று கதை போகிறது. இது கதைதான், கல்வெட்டு இல்லை. ஆனாலும் அதில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. நாய் தன் ஆளை விட்டு வராது. வந்தால் தன் வீட்டுக்குத்தான் வரும். எது தன் வீடு என்று ஒரு நாய் எப்போது முடிவு செய்கிறது? குட்டியாக இருக்கும்போது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், புல்லர் என்ற இரண்டு அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965 இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பிறந்த 3 ஆவது வாரத்திலிருந்து 12 ஆவது வாரம் வரை உள்ள காலத்தில்தான் குட்டி தன் உறவு யார் என்று கற்றுக்கொள்கிறது என்பது அவர்களின் முக்கிய முடிவு. தனியாக, அதுவும் புது இடத்தில் விட்டால் குட்டி மிக அதிகமாகக் கத்துகிறது என்பதையும், பக்கத்தில் துணை இருந்தால் கத்தல் குறைகிறது என்பதையும் இப்படிப்பட்ட ஆய்வுகள் காட்டின. ஆக அந்தக் குட்டி அடம்பிடித்துக் கத்தவில்லை. நேற்றுவரை தாயின் வயிற்றுச் சூட்டில், நாலைந்து குட்டிகளுக்கு நடுவே தூங்கியது. இன்று ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில், குளிரில், தெரியாத வாசனைக்கு நடுவே தனியாகக் கிடக்கிறது. தாயைக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் மாணவரின் அப்பா சொன்னது தவறா? அவசரப்பட்டுப் பெரியவரைக் குறை சொல்லிவிடாதீர்கள். நாயை வெளியே வை என்ற பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பயம் இருக்கிறது. வெறிநாய்க்கடி.

லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதலாக இந்த ஊசியைப் போட்டார். இந்தியாவில் 1900 இல் இமயமலைப் பக்கம் கசௌலியில் மருந்து நிலையம் வந்தது. தெற்கே கடிபட்டவர் ரயிலேறிக் கசௌலி போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் நோய் முந்திக்கொள்ளும். 1902 இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் இப்படித்தான் இறந்தார். அதன் பிறகே தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு வலுத்து, ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கொடுத்த நன்கொடையின் உதவியோடு 1907 இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் திறந்தது. வெள்ளைக்காரக் குடும்பத்துக்கே அந்த நிலை என்றால், சாலை இல்லாத காலத்தில் கொல்லிமலையிலிருந்து கால்நடையாக இறங்க வேண்டியவர் எங்கே போவார்?

பிறகு தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலம் வந்தது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து அது. என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே வயிறு கூசும். அந்த மருந்தை இந்தியா 2004 இன் இறுதியில்தான் நிறுத்தியது. இப்போது கையில் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. ஆனால் பயம் மட்டும் பழைய பயமாகவே நிற்கிறது. அந்தப் பயத்தில் நாயைக் கயிற்றில் கட்டுகிறோம், ஊசி போட மறந்துவிடுகிறோம். கயிறு வெறிநோயைத் தடுக்காது. கொட்டகையில் கட்டிய குட்டியை இரவில் ஒரு தெருநாயோ நரியோ வந்து கடித்தால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆகவே என் பதில் இதுதான். பெரியவரின் பயத்தை ஊசியாக மாற்றுங்கள். பாப்பாவின் அன்பைப் படுக்கையாக மாற்றுங்கள்.

முதல் சில இரவுகள் குட்டி வீட்டுக்குள்ளேயே, ஆள் படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தூங்கட்டும். ஓர் அட்டைப்பெட்டி, அதில் பழைய சேலை அல்லது கம்பளி. முடிந்தால் தாய் படுத்திருந்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் போடுங்கள். கத்தினால் அடிக்காதீர்கள், கையை அருகில் வைத்தால் போதும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே ஒரே இடத்துக்குக் கொண்டுபோனால் அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும். வெறும் பசும்பாலை நிறையக் கொடுத்தால் பலகுட்டிகளுக்கு வயிற்றால் போகும். குழைய வேகவைத்த சோறு, வெந்த முட்டை, கொஞ்சம் கறி என்று சிறிது சிறிதாக நாலு வேளை கொடுங்கள். 45 நாள்கூட ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். எட்டு வாரம் ஆகட்டும்.

பார்வோ என்ற நோய் 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவியது. நம் தாத்தாக்கள் அறியாத நோய். வாந்தியும் ரத்த பேதியுமாகக் குட்டியை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். அதற்கும் டிஸ்டம்பருக்குமான ஊசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, டாக்டர் சொல்லும் தேதிகளில் திரும்பப் போட வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். கொண்டை ஊசி வளைவு எழுபதும் இறங்க வேண்டியதில்லை, மலையிலேயே கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

குட்டி விளையாட்டாகப் பல் பதித்தாலும், நகம் கீறினாலும் 'குட்டிதானே' என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். வெறிநோய் வந்த பிறகு மருந்து இல்லை. வருவதற்கு முன் இருக்கிறது.

கடைசியாக, குட்டிக்கு உடனே ஒரு பெயர் வையுங்கள். அந்தப் பெயரில் ஒரு தடுப்பூசி அட்டையும் வாங்கிவிடுங்கள். எடுத்தனூரில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதினார்கள். நாம் அட்டையில் எழுதினால் போதும்.