ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி



தோட்டத் திடலில் பந்தாடும் பிள்ளைக்குக் கணுக்கால் பிசகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? எண்ணெய் தடவுகிறோம், துணி சுற்றுகிறோம், வீக்கம் வற்றியதும் மீண்டும் ஆட அனுப்புகிறோம். சில வாரங்களில் அதே கால் மறுபடியும் பிசகுகிறது. "இவனுக்குக் காலில் உறுதி இல்லை" என்று ஓரமாக உட்கார வைத்துவிடுகிறோம். ஆசிரியர்களாகிய நாங்களும் அப்படிச் செய்ததுண்டு. அது தவறு என்பதை உடற்பயிற்சியின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

உடலைச் சாயாமல் நிறுத்துவது பழக்கத்தால் வருவது. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையாகக் கற்பித்த முன்னோடிகளுள் ஒருவர், ஜெர்மனியில் ஷ்னெப்ஃபென்டால் என்னும் ஊரின் பள்ளி ஆசிரியர் கூட்ஸ்மூத்ஸ். 1793இல் அவர் வெளியிட்ட உடற்பயிற்சி நூலில், ஒற்றைக் காலில் நிற்பதும் கிடையாக வைத்த மரத்தின்மேல் நடப்பதும் பாடங்களாக இருந்தன. அந்த மரத்தின் வழிவந்ததே இன்றைய சமநிலைக் கட்டை. அதன் அகலம் 10 சென்டிமீட்டர்தான். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில், 14 வயது ருமேனியச் சிறுமி நாடியா கொமானெச்சி அதன்மேல் முழுப் புள்ளியான 10ஐப் பெற்றார்.

கண்ணை மூடினாலும் நம் கால் எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதல்லவா? தசையிலும் மூட்டிலும் உள்ள நுண்ணிய உணர்விகள் மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. இந்த உணர்வுக்கு 1906இல் தனிப் பெயர் சூட்டியவர், ஆங்கிலேய அறிஞர் ஷெரிங்டன்.

1965இல் இங்கிலாந்து மருத்துவர் ஃபிரீமன், கணுக்கால் பிசகியவர்களை ஆராய்ந்தார். பலரால் அந்தக் காலை மட்டும் ஊன்றி நிலையாக நிற்க முடியவில்லை. தசைநார் காயம்படும்போது செய்தி அனுப்பும் நரம்பு முனைகளும் கெடுகின்றன என்பது அவர் தந்த விளக்கம். ஆடும் பலகைமேல் நின்று பழகியவர்களிடம் இந்தத் தடுமாற்றம் குறைந்தது.

காயம் வரும் முன்பே பழக்கினால் என்ன? கையால் பந்தெறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் ஆட்டத்தில், நார்வே நாட்டினர் இதைச் சோதித்தார்கள். 15 முதல் 17 வயது வரையிலான 1,837 ஆட்டக்காரர்கள் பங்கேற்ற அந்த ஆய்வு 2005இல் வெளியானது. ஓட்டம், சமநிலை, தசைவலு ஆகியவை சேர்ந்த பயிற்சியைச் செய்த குழுக்களில், முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வலியும் வீக்கமும் தணிந்து, மருத்துவரும் அனுமதித்த பிறகு, பிள்ளையைச் சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். அது எளிதானதும் கண்ணை மூடி நிற்கட்டும். பிறகு நின்றபடியே பந்தைப் பிடிக்கட்டும். அருகில் ஒருவர் இருப்பது அவசியம். தினமும் சில நிமிடங்கள் போதும்.

பால்மரக் காட்டில் நம் பாட்டிமார் காண்டாவைத் தோளில் ஏற்றி, இருபுறமும் பால் வாளி தொங்க, வாய்க்கால் பலகையைக் கடந்தார்கள். முதல் நாளிலேயே அவர்களுக்கு அந்த நடை வந்துவிடவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளையை ஒரு சுளுக்குக்காகத் திடலை விட்டு விலக்கலாமா? பழகுவதற்குச் சில வாரங்கள் கொடுப்போம்.